ஏழாம் பீரியட், ஸ்பானிஷ்

சுவரில் நாற்பத்திரண்டு சொற்கள் ஒட்டியிருக்கிறேன்.
இவற்றை மட்டும் வைத்து ஒரு கதை, அதுதான் விதி.
துக்கத்துக்குச் சொல் தரவில்லை.
குளிர்சாதனப் பெட்டிக்குத் தந்திருக்கிறேன், அழுகைக்கும்.
ஆகவே இந்த வாரம்
ஆறு கதைகளில் குளிர்சாதனப் பெட்டி அழுகிறது.

சோல்வேயின் ஆடு பாங்குக்குப் போகிறது.
பாங்குக்குள் மழை.
ஆடு நனைகிறது, நனைகிறது, பக்கம் முழுக்க நனைகிறது.
ஏன் இவ்வளவு என்று கேட்டேன்.
"நீங்கள்தான் குடைக்குச் சொல் தரவில்லையே, சென்யோரா."

சன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரியின் விரிகுடா
கல்லாய் உறைந்து கிடக்கிறது.
பனியில் துளை போட்டுக் குந்தியிருக்கும் குடில்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும்
என் வகுப்பில் யாருடைய அப்பாவோ, ஒரு ஃபிளாஸ்க்கோ.

டெரன் மாக்கி ஜனவரியில் திரும்பி வந்தான்.
பதினோரு வாரம் வராமல் இருந்தவன்.
அலுவலகத்திலிருந்து எனக்கொரு தாள் வந்தது.
கேட்க வேண்டாம் என்பதை
மூன்று விதமாக எழுதியிருந்தார்கள்.
கேட்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும்.
அவன் பக்கத்து நாற்காலியில்
தினமும் யாரோ பையை வைத்தார்கள்,
ஆள் உட்காரவில்லை.

அவன் கதை நான்கு வரி.

பெஸ்காதோ ஏரியில் நீந்துகிறது.
பெஸ்காதோ குளிர் வைத்திருக்கிறது.
மற்ற மீன்கள் பார்க்கின்றன.
மற்ற மீன்கள் பேசுவதில்லை.

(ஸ்பானிஷில் குளிர் அடிக்காது.
அதை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.
இந்த வரியை அவன் சரியாக எழுதியிருந்தான்.)

பச்சைப் பேனாவை எடுத்தேன்.
சிவப்பை விட்டு ஆறு வருஷமாகிறது,
பச்சையும் அதே வேலையைத்தான் செய்கிறது.
தண்ணீரில் இருக்கும்வரை மீன், பெஸ்.
பிடிபட்டால் பெஸ்காதோ.
நீந்த ஒரு பேர், தட்டுக்கு ஒரு பேர்.
முதல் மாதப் பாடம், எல்லோரும் தப்பு விடும் இடம்.
இரண்டு இடத்திலும் அடித்து,
மேலே திருத்தி எழுதினேன்.

மறுநாள் நோட்டோடு வந்து மேசை ஓரம் நின்றான்.
"தெரிந்துதான் எழுதினேன்.
இது பிடித்த மீன்.
அளவு பத்தாதென்று துளை வழியே திருப்பி விட்டார்கள்.
இப்போது இதன் பேர் என்ன?"

பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
மூன்று அகராதி வைத்திருக்கிறேன்,
ஒன்றில் காபிக் கறை.
மூன்றிலும் பார்த்தேன், அவன் நின்றுகொண்டே இருந்தான்.
நோ சே, என்றேன். தெரியவில்லை.
நான்காம் நாளே கற்றுத்தரும் வாக்கியம்,
எனக்கு அன்றுதான் நாக்கில் ஏறியது.

கேள்வியைப் பலகையில் போட்டேன்,
பேர் சொல்லாமல்தான். போட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
தண்ணீர் தண்ணீர்தான், அது பெஸ், என்றான் ஹார்லன்.
அவன் எதையும் சீக்கிரம் முடிக்கிறவன்.
இல்லை, என்றாள் சோல்வே.
உதடு என்ற சொல் சுவரில் இல்லை.
தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்,
பிறகு விரலைக் கொக்கியாக்கி இழுத்தாள்.
இது ஆறாது, என்பதை எந்த மொழியிலும் சொல்லவில்லை.

பின்வரிசையில் இரட்டையர் இருவர்
இரண்டு வருஷத்தில் முதல்முறையாக
ஸ்பானிஷில் சண்டை போட்டார்கள்.
இலக்கணம் கண்டபடி உடைந்தது. நான் பொறுக்கவில்லை.

டெரன் வாயே திறக்கவில்லை.
ஆனால் நோட்டை மூடாமல் இருந்தான்.

வெள்ளிக்கிழமை புதுக் கதைகள் வந்தன.
சோல்வேயின் ஆடு பாங்கை விட்டு வெளியே வருகிறது.
பனிமேல் வழுக்கி வழுக்கி நடந்து
ஒரு துளையோரம் போய்ப் படுக்கிறது.
ஹோலா, என்கிறது.
மீன் பதில் சொல்லவில்லை.
ஆடு காத்திருக்கிறது.
தொடரும் என்று போட்டு
அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தாள்.

பச்சை மையை அழிக்க முடியாது.
டெரனின் நோட்டில், நான் அடித்த சொற்களுக்குக் கீழே
சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தேன்,
அச்சகத்தில் செய்வார்களே,
இருக்கட்டும், அப்படியே விடு, என்று.

பிறகு ஏணியைப் பிடிக்க ஆளைக் கூப்பிட்டு
சுவரில் நாற்பத்துமூன்றாவது சீட்டை ஒட்டினேன்:
குடை.